கடற்பாலமும் மாடக்கடையும்: ஒரு சிறுவணிகப் பாடம்

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சிற்றூர்களில் வாழும் நம் வாடிக்கையாளர்களுள் பலர் சிறு கடை நடத்துபவர்கள். பூவாற்றின் கழிமுகத்திலும் பொழியூர்க் கடற்கரையிலும் சங்குமுகத்து மணலிலும் இளநீர், சுக்குக் காப்பி, வறுத்த கடலை விற்றுக் குடும்பம் காப்பவர்களும் அவர்களுள் உண்டு. அத்தகைய கடலோரக் கடை எவ்வாறு தோன்றுகிறது, எதனால் நிலைக்கிறது, எதனால் ஒரே இரவில் இல்லாமற் போகிறது என்பதை இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்காட்டாக, இச்சிற்றூர்களிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வலியதுறைக் கடற்பாலத்தை நோக்குவோம். இருநூறாண்டுக் கால வணிக வரலாறு அப்பாலத்தின் தூண்களில் பொதிந்துள்ளது. அவ்வரலாறு இன்றைய கடைக்காரருக்கும் பயன்படும் சில உண்மைகளைக் கற்பிக்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டில் பெட்டிக்கடை என்றும் பங்க் கடை என்றும் வழங்குவதை, எல்லைக்கு இப்பால் மலையாளத்தில் மாடக்கடை என்பர். சாலையோரம் நின்று உண்ணும் கடை தட்டுக்கடை எனப்படும். ஆங்கிலத்தில் இவற்றுக்கெல்லாம் வழங்கும் ‘கியாஸ்க்’ என்னும் சொல், பாரசீகத்திலிருந்து துருக்கிய மொழிக்குச் சென்று, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது. முதலில் அது அரசர்களும் செல்வர்களும் தோட்டத்தில் அமைத்த திறந்த மண்டபத்தைக் குறித்தது. மண்டபம் சுருங்கிக் கடையானது. சொல்லும் அதனுடன் இறங்கிவந்தது. இன்று வங்கித்துறையில் அச்சொல் மேலும் ஒரு பொருள் பெற்றுள்ளது. கிளை இல்லாத ஊர்களில் பணம் போடவும் எடுக்கவும் உதவும் வாடிக்கையாளர் சேவை மையத்தையும் நாம் கியாஸ்க் என்றே அழைக்கிறோம்.

இக்கடைகளில் விற்கப்படும் பண்டம் ஒன்றின் பெயரும் கருதத்தக்கது. வறுத்த நிலக்கடலையை மலையாளத்தில் ‘கப்பலண்டி’ என்பர். கப்பல் வழி வந்த கொட்டை என்பது அதன் பொருள். நிலக்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. கடல் கடந்து வந்த பண்டம், கடல் பார்க்க வருவோரின் கையில் காகிதக் கூம்பாக நிற்கிறது. கடைக்கும் கப்பலுக்கும் உள்ள உறவை இதனினும் சுருக்கமாக யாரும் கூற இயலாது.

பாலம் ஏன் வேண்டியிருந்தது

திருவனந்தபுரத்துக் கடற்கரை நேர்கோடாக ஓடுவது. அலைக்கு ஒதுங்க வளைகுடாவோ இயற்கைத் துறைமுகமோ அங்கு இல்லை. கரையை ஒட்டி அலைகள் உடையும் பகுதியில் பெரிய கப்பல் வர முடியாது. ஆகவே கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கை வள்ளங்களில் ஏற்றி அலையைக் கடக்க வேண்டியிருந்தது. அவ்வாறு கடக்கையில் சரக்கு நனைவதும் வள்ளம் கவிழ்வதும் வழக்கம். கரையிலிருந்து அலையுடையும் எல்லைக்கு அப்பால் வரை நீளும் ஒரு பாலம் இருப்பின், அதன் முனையிலேயே வள்ளத்தில் சரக்கை இறக்கலாம். இதுவே கடற்பாலத்தின் பயன்.

வலியதுறையில் முதற்பாலம் 1825ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கூறப்படுகிறது. இரும்பாலான அப்பாலம், திருவிதாங்கூரை இராணி கௌரி பார்வதி பாயி ஆட்சிப் பொறுப்பேற்று நடத்திய காலத்தது. பார்வதி புத்தனாறு என்னும் கால்வாயும் அதே ஆட்சியின் பணியே. உள்நாட்டு நீர்வழியும் கடல்வழியும் அருகருகே அமைந்தமையால் வலியதுறை, தலைநகரின் துறையாயிற்று. பின்னர் 1860இல் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், பூவாற்றிலிருந்து தெற்கே கொல்லங்கோடு, தேங்காய்ப்பட்டணம் வழியாக நீண்டது. இன்றைய எல்லைச் சிற்றூர்கள் அக்கால்வாயின் கரையிலும் அருகிலும் உள்ளவையே. கொப்பரையும் கயிறும் வள்ளத்தில் செல்லும் வழியாக அது கருதப்பட்டது.

சரக்கு இறங்கும் இடத்தில் சுமைதூக்குவோர் கூடுவர். அவர்களுக்குக் கஞ்சியும் காப்பியும் வெற்றிலையும் வேண்டும். வண்டிக்காரர் காத்திருப்பர், அவர்களுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். கடற்பாலத்தின் காலடியில் சிறுகடை தோன்றுவதற்கு இதுவே காரணம். கடற்காட்சி விற்பனைக்கு வந்தது பிற்காலத்தில்தான்.

இங்கிலாந்தின் நிலை வேறு

இங்கிலாந்தில் கடற்பாலங்கள் விரைவிலேயே இன்பப்பொழுதுக்கு உரியவையாயின. வைட் தீவிலுள்ள ரைடு நகரத்துப் பாலம் 1814இல் திறக்கப்பட்டது. படகிலிருந்து இறங்கும் பயணிகளுக்காக அமைந்த அது நாளடைவில் உலாவும் இடமாயிற்று. பிரைட்டன் நகரின் மேற்குப் பாலம் 1866இல் திறக்கப்பட்டபோது உலாவுவதற்கென்றே கட்டப்பட்டது. வாயிலில் நுழைவுக் கட்டணம் வாங்கும் சிறு மண்டபங்களும் பாலத்தின் மேலேயே கடைகளும் அமைந்தன. பாலம் ஒரு நிறுவனத்தின் சொத்து. கடைக்காரர் அந்நிறுவனத்தின் வாடகைதாரர். எழுத்து வழி ஒப்பந்தம் அங்கு இருந்தது.

ஆயினும் ஒப்பந்தம் மட்டும் பாலத்தைக் காக்கவில்லை. பராமரிப்புச் செலவைத் தாங்க இயலாமல் மேற்குப் பாலம் 1975இல் மூடப்பட்டது. பின்னர் புயலாலும் 2003இல் நேர்ந்த தீயாலும் சிதைந்தது.

நம் கரையில் பாலம் அரசுடையது. கடையோ பாலத்தின் மேல் இல்லை; அதன் காலடியில், பெரும்பாலும் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் இருந்தது. வாடகைச் சீட்டு இல்லை, பட்டா இல்லை. கடைக்காரரின் உரிமை, நாள்தோறும் அங்கே அமர்ந்திருப்பது ஒன்றுதான். இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். பின்வரும் பாடம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

இருமுறை எழுந்து இருமுறை வீழ்ந்தது

1947ஆம் ஆண்டில் ‘பண்டிட்’ என்னும் கப்பல் வலியதுறைப் பாலத்தில் மோதியது. பழைய பாலம் சிதைந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் கழித்து, 1956இல், புதிய பாலம் கான்கிரீட்டில் எழுந்தது. அதன் நீளம் 703 அடி. அகலம் 24 அடி. செலவு ஒரு கோடியே பத்து இலட்சம் ரூபாய் என்பர்.

அதே 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டன. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. புதிய பாலம் எழுந்த ஆண்டிலேயே, அத்துறையின் தென்புறத்து ஊர்களுள் பல வேறு மாநிலத்தின் ஊர்களாயின.

பாலம் புதிதாயினும் அதன் காலம் கடந்துகொண்டிருந்தது. கொச்சித் துறைமுகம் பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் உழைப்பால் ஏற்கெனவே பெருந்துறைமுகமாக வளர்ந்திருந்தது. பெரிய கப்பலை நேரே கரையணையச் செய்யும் துறை இருக்கும்போது, வள்ளத்தில் சரக்கை மாற்றும் துறைக்கு யார் வருவர்? சாலையும் இருப்புப்பாதையும் எஞ்சிய சரக்கையும் எடுத்துக்கொண்டன. 1979இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதை நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே திறக்கப்பட்டது.

சரக்கு நின்றதும் கடை ஏன் நிற்கவில்லை? வாடிக்கையாளர் மாறினர். சுமைதூக்குவோர் நின்ற இடத்தில் தூண்டிலிடுவோரும், மாலையில் காற்று வாங்க வந்த குடும்பத்தினரும் நின்றனர். கஞ்சிக்கு மாறாகக் கப்பலண்டியும் உப்பிலிட்ட நெல்லிக்காயும் நன்னாரி சர்பத்தும் விற்றன. பண்டம் மாற்றத் தெரிந்த கடை பிழைத்தது. இது முதற்பாடம்.

இனி வீழ்ச்சி. கான்கிரீட்டினுள் உள்ள கம்பியைக் கடலின் உப்பு மெல்ல அரிக்கும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். இவ்வாறு வலுவிழந்த வலியதுறைப் பாலம், 2021 மே மாதம் தௌக்தே புயற்காலத்து அலைகளால் நடுப்பகுதியில் தாழ்ந்தது. மக்கள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் பாலம் இரண்டாகப் பிளந்து ஒரு பகுதி கடலில் சரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சங்குமுகத்துச் சாலையையே கடல் அரித்தது. வலியதுறையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பழைய கிடங்குகளில் தங்க நேர்ந்தது. கப்பற்சரக்கிற்காகத் தழைத்த துறையில், கிடங்கு மனிதர்களின் புகலிடமாயிற்று.

கடைக்காரருக்குச் சொந்தமல்லாத மூன்று

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இது: கடலோரக் கடைக்காரரின் வருவாய் மூன்றைச் சார்ந்தது, அம்மூன்றும் அவருக்குச் சொந்தமல்ல. முதலாவது, கடை நிற்கும் நிலம். இரண்டாவது, கூட்டத்தை ஈர்க்கும் பாலம், கழிமுகம், கரை ஆகியன. மூன்றாவது, பெரும்பாலும், கடையின் முதல், அது கடன். இம்மூன்றிலும் அவர் தம் நிலையை எவ்வாறு உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்பதை முறையே காண்போம்.

நிலம்: அமர்வதற்கான உரிமை

நடைபாதையில் வணிகம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்புச் சட்டம் உறுதியளிக்கும் தொழில் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சோதான் சிங் வழக்கில் கூறியது. அதன் பின்னர் நெடுங்காலம் கழித்து, தெருவோர வணிகர்கள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2014 நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கூறுகள் சில:

நகர உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றிலும் நகர விற்பனைக் குழு அமைதல் வேண்டும். அதில் வணிகர்களின் பேராளர்கள் 40 விழுக்காட்டிற்குக் குறையாமலும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கெடுப்பு நடத்தி, வணிகர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் வழங்குதல் வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை எவரையும் அகற்றலாகாது. இடம் மாற்றுவதாயினும் 30 நாள் முன்னறிவிப்புத் தேவை.

நெய்யாற்றின்கரை நகராட்சி என்பதால், அங்குக் கடை நடத்துவோர்க்கு இச்சட்டம் நேரே பொருந்தும். பாறசாலை கிராமப் பஞ்சாயத்து. ஆதலின் அங்குள்ளோர் பஞ்சாயத்தின் உரிமத்தையே சான்றாகக் கொள்வர். சான்றிதழை வழங்குவது, கடைக்காரர் வாழும் ஊரன்று. கடை நிற்கும் ஊர். வீடு எல்லைக்கு இப்பாலும் கடை அப்பாலும் உடையோர் நம்மிடையே உளர். அவர்கள் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

சான்றிதழ் நிலத்தைச் சொந்தமாக்காது. எனினும், ‘இவர் இங்கு வணிகம் செய்பவர்’ என்பதற்கு எழுத்துச் சான்றாகும். கடல் கடையைக் கொண்டுபோன பின்னர் இழப்பீடோ மாற்றிடமோ கேட்கும்போது முதலிற் கேட்கப்படும் தாள் அதுவே.

முதல்: தண்டலும் தவணையும்

இவ்வட்டாரத்தில் கடும்வட்டிக் கடனை ‘பிளேடு’ என்பர். பெயரே அதன் இயல்பைக் கூறிவிடுகிறது. கேரள அரசு 2014இல் ‘ஆபரேஷன் குபேரா’ என்னும் பெயரில் கடும்வட்டிக்காரர்மீது நடவடிக்கை எடுத்தது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் மிகைவட்டியைத் தடை செய்கின்றன. இருந்தும் தண்டல் மறையவில்லை. காரணம், அதன் கணக்கு எளிதாகத் தோன்றுவதுதான். அக்கணக்கைச் சற்றே பிரித்துப் பார்ப்போம்.

ஒருவர் 10,000 ரூபாய் தண்டல் வாங்குகிறார். 1,000 ரூபாயை முன்னரே கழித்துக்கொண்டு 9,000 தருகின்றனர். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரம்தானே, பத்து விழுக்காடு’ என்று தோன்றும். ஆனால் முழுத்தொகையும் 100 நாளும் அவர் கையில் இருப்பதில்லை. நாள்தோறும் கட்டிக்கொண்டே வருவதால், சராசரியாக அவரிடம் நிற்கும் தொகை ஏறத்தாழ 4,700 ரூபாயே. 4,700 ரூபாய்க்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி எனில், ஆண்டுக்கு ஏறத்தாழ 78 விழுக்காடு ஆகிறது.

இனி வங்கிக் கடன். 15,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில், 12 மாதத் தவணையில் பெறுவதாக எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 1,333 ரூபாய். ஓராண்டில் செலுத்தும் வட்டி மொத்தம் 1,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதாவது, தண்டல்காரர் 100 நாளில் எடுக்கும் தொகையை வங்கி ஓராண்டில், ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட கடனுக்கு எடுக்கிறது. மிஞ்சும் பணம் கடையின் கூரைக்கு ஆகும். பிள்ளையின் பள்ளிக்கு ஆகும்.

தெருவோர வணிகர்களுக்கென 2020 ஜூன் 1ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதித் திட்டம், பிணையின்றி நடைமுறை மூலதனக் கடன் அளிக்கிறது. தொடக்கத்தில் 10,000, 20,000, 50,000 என மூன்று படிகளாக இருந்த கடன், 2025இல் மத்திய அமைச்சரவையின் முடிவுப்படி 15,000, 25,000, 50,000 எனச் சீரமைக்கப்பட்டது. முதற்கடனைச் சரியாகத் திருப்பியவரே இரண்டாவதற்கு உரியவர். தவணை தவறாதோர்க்கு 7 விழுக்காடு வட்டி மானியமும், மின்னணுப் பணப்பரிமாற்றத்திற்கு ஊக்கத்தொகையும் இத்திட்டத்துடன் அறிவிக்கப்பட்டன. இது முதன்மையாக நகர்ப்புறத்தார்க்கு உரியது. பஞ்சாயத்துப் பகுதியினர் 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கோரலாம். குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களில் உறுப்பினரான பெண்கள், கூட்டுறவு வங்கிகள் வழங்கும் ‘முற்றத்து முல்லை’ கடனையும் கேட்டறியலாம். வட்டியும் விதியும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள நிலையைக் கிளையில் கேட்டுத் தெளிதல் நன்று.

கடல்: வருமுன் காத்தல்

புயல் வருவதற்குக் காற்றும் மழையும் அறிகுறி. ஆனால் காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் கடல் திடீரெனக் கரையேறுவதும் உண்டு. தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையை அடைவதால் இது நிகழ்கிறது. கேரள மீனவர்கள் இதற்கிட்ட பெயர் ‘கள்ளக்கடல்’. திருடன்போல் சொல்லாமல் வருவதால் அப்பெயர். இச்சொல்லை யுனெஸ்கோ 2012இல் அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31ஆம் நாள் கேரளக் கரையின் பல பகுதிகளில் கள்ளக்கடல் ஏறியது.

மீனவர் கண்டு பெயரிட்ட இதை இன்று ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே கணித்து எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கை வந்த மாலையில் அடுப்பு, எரிவாயு உருளை, குளிர்பெட்டி, கணக்கேடு ஆகியவற்றை மேட்டுக்கு நகர்த்துவது ஒரு மணி நேர வேலை. நகர்த்தாமல் விடுவது ஓராண்டுக் கடன்.

காப்பீட்டிலும் இதே கவனம் வேண்டும். கடைப் பாதுகாப்புக் காப்பீட்டில் புயல், வெள்ளம், நீர் புகுதல் ஆகியவை அடங்குமா, ஓலையும் தகரமும் வேய்ந்த கடைக்கு அது பொருந்துமா, தள்ளுவண்டியும் சரக்கும் சேருமா எனக் கையெழுத்திடுமுன் கேட்டறிதல் வேண்டும். கடைக்காரரின் உயிருக்கு, ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 இலட்சம் வரை விபத்துக் காப்பும், 436 ரூபாயில் 2 இலட்சம் ஆயுள் காப்பும் தரும் பிரதமரின் இரு திட்டங்கள் சேமிப்புக் கணக்கின் வழியே கிடைக்கின்றன. கணக்கில் அத்தொகை இல்லாமையால் புதுப்பிக்கப்படாமல் போகும் காப்பீடுகள் பல. மே மாத இறுதியில் கணக்கில் 500 ரூபாயேனும் நிற்கச் செய்வது எளிய காவல்.

கூட்டம்: நாளைய பாலம் எங்கே

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1825இல் வலியதுறை தலைநகரின் துறையானதுபோல், இன்று வணிகத்தின் போக்கு விழிஞ்ஞத்தை நோக்கித் திரும்புகிறது. சரக்குந்து ஓட்டுநர்கள், பணியாளர்கள், பயணிகள் நாடும் கடைகள் புதிய சாலைகளின் ஓரத்தில் தோன்றும். பூவாற்றில் பொழி எனப்படும் கழிமுக மணல்திட்டு பருவந்தோறும் வடிவம் மாறுகிறது. படகுத்துறைக் கடைகளும் அதற்கேற்ப நகர்கின்றன. கடலோர வணிகத்தில் நிலையான இடம் என்பதில்லை; நிலையான பெயரும் ஒழுங்கான கணக்கும் இருக்கலாம். கடையை வேறிடத்திற்குக் கொண்டுசெல்லும்போது கூடவே வருவன அவ்விரண்டுமே.

வாசகர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள்

1. நம் கடை நிற்கும் இடத்திற்கு உள்ளாட்சி அமைப்பின் சான்றிதழோ உரிமமோ உள்ளதா? அதன் படி வீட்டில் உள்ளதா?

2. கடந்த மூன்று மாத வரவு செலவை எழுத்தில் காட்ட நம்மால் இயலுமா?

3. இப்போதுள்ள கடனின் உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு?

4. இன்றிரவு கடல் ஏறினால் எதை முதலில் எடுப்போம், எங்கே வைப்போம்?

5. இக்கூட்டம் வாராதொழிந்தால் நாம் விற்கக்கூடிய வேறு பண்டமோ வேறு இடமோ எது?

வலியதுறைப் பாலத்தைத் தாங்கிய தூண்கள் நூற்றுக்கு மேல்; அவற்றையும் கடல் அசைத்தது. சிறு கடைக்கு அத்தனை தூண்கள் வேண்டுவதில்லை. சான்றிதழ், கணக்கேடு, நேர்மையான கடன், காப்பீடு என்னும் நான்கு கால்கள் போதும். அவற்றுள் எந்தக் கால் இல்லையென்று தெரிந்துகொண்டு அடுத்த வாரம் அருகிலுள்ள கிளைக்கு வருவோர்க்கு, இப்பாடம் பயன்பட்டதாகக் கொள்வோம்.